சுருள் அவிழ்கிறதா, போட் வளைகிறதா? பெயர் பதித்த தாள் சுருள் மொசைக்கில் வரும் கோளாறுகளும் திருத்தும் வழிகளும்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் எங்கள் வீட்டு விறாந்தையில், பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகள் குவிலிங், அதாவது தாள் பட்டையைச் சுருட்டிப் படம் செய்யும் கைவேலை, பழக வருவார்கள். கூட்டிக்கொண்டு வரும் தாய்மார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு அவர்களும் ஒரு பட்டையை எடுத்துச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: வேண்டியவர் ஒருவரின் பெயரை எழுதி, தாள் சுருள்களை மொசைக் கல் பதிப்பதுபோல நெருக்கி நிரப்பி, பிறேம் போட்டுக் கொடுக்க வேண்டும். பிறந்தநாள், சாமத்திய வீடு, நிக்காஹ், வீடு குடிபூரல் எதற்கும் அது பொருந்தும்.

வரும் கோளாறுகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். “என்ட கை சரியில்ல அக்கா” என்று முதலில் கையைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை கையில் பிழை இருப்பது குறைவு. தாள், பசை, எங்கள் ஊர்க் காற்றிலுள்ள ஈரம், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். அதனால் கீழே எந்தக் கோளாறுக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், காசு போகும் வேலையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்களுடைய கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். சரியாகிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேலையைத் தொடருங்கள்.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது 5 மி.மீ. அகலப் பட்டை, வெள்ளை பைண்டர் கம், ஏ4 அளவுப் படம். 3 மி.மீ. பட்டை அழகாக இருக்கும், ஆனால் முதல் படத்துக்கு அதை எடுக்க வேண்டாம்.

கோளாறு: ஒட்டிய சுருள் அவிழ்ந்துவிடுகிறது

எப்போது அவிழ்கிறது என்று பாருங்கள்.

*விரலை எடுத்த உடனே அவிழ்ந்தால்:* பசை கூடிவிட்டது. கூடுதலாக வைத்தால் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைக்கிறோம், நடப்பது மறுவளம். ஈரம் கூடினால் காய நேரம் எடுக்கும், அதற்குள் பட்டை தன் பலத்தில் விரிந்துவிடும். ஒரு கடுகில் பாதியளவு போதும். பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைத்து, இருபது எண்ணும்வரை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள்.

அப்படியும் நிற்கவில்லையா? ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அதே தாளில் இரண்டு துண்டை அதே பசையால் ஒட்டி, பத்து நிமிடம் விட்டு இழுத்துப் பாருங்கள். தாள் நாராகக் கிழிந்து வந்தால் தாளும் பசையும் நல்லவை. கிழியாமல் வழுக்கிக் கழன்றால் இரண்டில் ஒன்று பிழை. எது என்று அறிய, சாதாரண போட்டோகொப்பித் தாளில் அதே பசையை வைத்துத் திரும்பச் செய்யுங்கள். அதில் கிழிந்தால் உங்கள் நிறத்தாள்தான் பிழை. சஞ்சிகை அட்டை, பரிசுப் பொதி சுற்றும் பளபளப்புத் தாள் எல்லாம் இந்த வகை. அதிலும் கழன்றால் பசை பழுதாகிவிட்டது. புளித்த மணம், மேலே தண்ணீர் பிரிந்து நிற்பது, நூல் நூலாக இழுபடுவது, இவை பழுதான பசையின் அடையாளங்கள். அதில் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பாவிக்க வேண்டாம், புதுப் போத்தல் வாங்குங்கள்.

*கச்சான் அடிக்கும் காலத்தில் மட்டும் அவிழ்ந்தால்:* வைகாசி முதல் ஆவணி வரை அந்தச் சூட்டுக் காற்றில், பட்டையின் நுனியில் வைத்த பசை சுருளைத் தொடுமுன்பே தோல் கட்டிவிடும். காற்று வரும் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பசையை மூடியில் கொஞ்சமாக எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் போட்டு வையுங்கள். யன்னலைச் சாத்தினால் வெட்டிய பட்டைகள் பறக்காமலும் இருக்கும்.

*ஒட்டியது நன்றாக இருந்து மறுநாள் காலையில் அவிழ்ந்திருந்தால்:* பட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீடுகளில் வெளியே கிடக்கும் தாள் எல்லாம் தொய்ந்துவிடும். ஒரு பட்டையை முனையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்க முயலாமல் துணிபோலத் தொங்கினால் ஈரம்தான். பால்மாப் பேணி ஒன்றில், சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, பட்டைகளையும் வைத்து ஒருநாள் மூடிவிடுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருந்தால் அவையும் நல்லவை. மழைக்காலத்தில் எங்கள் பட்டைகள் பேணியிலேயே வசிக்கின்றன. சுருட்டும்போது மட்டும் வெளியே எடுப்போம்.

*எந்தக் காலத்திலும், எந்தப் பசையிலும் துள்ளித் துள்ளி விரிந்தால்:* பட்டையைத் தாளின் பிழையான திசையில் வெட்டியிருக்கிறீர்கள். வாழைச்சேனையில் வைக்கோலை அரைத்துக் காகிதம் செய்த ஆலையைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: தாள் என்பது நார், அந்த நாருக்கு ஒரு ஓட்டம் உண்டு. ஏ4 தாள் ஒன்றை மடிக்காமல், முதலில் நீளப் பக்கங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்ப்பதுபோல வளையுங்கள். பிறகு அகலப் பக்கங்கள் இரண்டையும் சேர்ப்பதுபோல வளையுங்கள். எது மெத்தென்று வளைகிறதோ அந்த வளைவுதான் சுருளின் வளைவாக இருக்க வேண்டும். ஏ4 போட்டோகொப்பித் தாளில் பெரும்பாலும் நீளப் பக்கங்களைச் சேர்க்கும்போதுதான் இலகுவாக வளையும். அப்படியானால் பட்டையை அகலப் பக்கத்துக்குச் சமாந்தரமாக, 210 மி.மீ. நீளத்தில் வெட்டுங்கள். நீளம் போதாதே என்று நாங்கள் எல்லோரும் 297 மி.மீ. பக்கத்தால்தான் வெட்டத் தொடங்குவோம், பிறகு சுருளோடு மல்லுக்கட்டுவோம். நீளம் வேண்டுமானால் இரண்டு பட்டையை ஒட்டிக்கொள்ளலாம்.

கோளாறு: சுருளின் நடு வெளியே இழுபட்டு மூக்குபோல நிற்கிறது

பட்டையின் முனையைச் செருகிச் சுருட்டும் கருவியிலிருந்து சுருளை இழுத்து எடுத்திருக்கிறீர்கள். கருவியைச் சுருட்டிய திசைக்கு எதிராக அரைத் திருப்புத் திருப்பினால் பிடி விடும், பிறகு சுருளை விரலால் கீழிருந்து தள்ளுங்கள். ஏற்கெனவே மூக்கு வந்த சுருளை மேசையில் வைத்து அடிமட்டத்தால் அழுத்தினால், பசை காயாதவரை சமமாகும். காய்ந்துவிட்டால் அதை மீனின் கண்ணுக்கோ பூவின் நடுவுக்கோ ஒதுக்கி வையுங்கள்.

நடுவில் பெரிய ஓட்டை தெரிந்தால் கருவி தடிப்பு. கடைக் கருவிக்குப் பதில் தென்னை ஈர்க்கில் ஒன்றின் நுனியைக் கட்டரால் 1 சதமமீட்டர் பிளந்து, அதற்குள் பட்டையைச் செருகிச் சுருட்டிப் பாருங்கள். எங்கள் விறாந்தையில் பாதிப் பேர் இன்னும் ஈர்க்கிலில்தான் சுருட்டுகிறார்கள். ஓட்டை ஊசிமுனை அளவுக்குச் சிறுக்கும்.

கோளாறு: சுருள்கள் ஒரே அளவில் வரவில்லை

தளர்வான சுருள் என்றால், கருவியிலிருந்து எடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே வளையத்துக்குள் விரியவிட்டு, பிறகு நுனியை ஒட்ட வேண்டும். கணித உபகரணப் பெட்டியோடு கிடைக்கும் வட்டங்கள் வெட்டிய பிளாஸ்டிக் அச்சு போதும். அது இல்லையென்றால் மருந்துப் போத்தல் மூடி ஒன்று. அப்படியும் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் பட்டைகளின் நீளத்தை அளந்து பாருங்கள். கையால் கிழித்து எடுத்த பட்டைகளில் 2 சதமமீட்டர்வரை வித்தியாசம் கண்டிருக்கிறேன்.

இறுக்கமான சுருளில் இன்னொரு இடறல் இருக்கிறது. இரண்டு மடங்கு பெரிய சுருள் வேண்டும் என்று இரண்டு மடங்கு நீளம் எடுப்பார்கள், அது வராது. 210 மி.மீ. பட்டை ஒன்று 6 மி.மீ. சுருளாக வந்தால், இரண்டு பட்டையை ஒட்டிச் சுருட்டினால் எட்டரை மி.மீ.தான் வரும். 12 மி.மீ. வேண்டுமானால் நாலு பட்டை வேண்டும். விட்டத்தை இரட்டிக்க நீளத்தை நாலு மடங்காக்குங்கள். தாளின் கனமும் மாறக்கூடாது: 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாளையும் 120 ஜிஎஸ்எம் தாளையும் ஒரே நீளத்தில் சுருட்டினால் கனமான தாளின் சுருள் பெரிதாகிவிடும். நிறத்துக்கு நிறம் தாளின் தடிப்பு மாறுவது கடைப் பொதிகளில் நடப்பதுதான், அதனால் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று சுருட்டி அளந்துவிட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள்.

கோளாறு: பெயரை வாசிக்க முடியவில்லை

எனக்கு மிகவும் அக்கறையான இடம் இது. கைவேலைப் படங்களில் காட்டுவது ஆங்கில எழுத்தை. ஓர் ஒற்றை எழுத்தை எடுத்து உள்ளே நிரப்புவார்கள், அழகாக வரும். அதே முறையைத் தமிழுக்கு வைத்தால் சுழிகள் எல்லாம் அடைபட்டு, எழுத்து ஒரு கட்டியாகிவிடும். “கண்ணன்” என்று எழுதிப் பாருங்கள். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு. சுருள் நிரப்பியதும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளையின் பெயர் பிழையாகவே வாசிக்கப்படும்.

முதல் சோதனை: படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். உங்களுக்குப் பெயர் தெரியும், ஆகவே உங்கள் கண்ணை நம்ப வேண்டாம். பெயர் தெரியாத பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடக்குகிறதோ அதைத்தான் திருத்த வேண்டும், முழுவதையும் கழற்ற வேண்டாம்.

*ஒரு எழுத்தில் மட்டும் தடக்கினால்:* அந்தச் சுழிக்குள் இருக்கும் சுருள்களை இடுக்கியால் எடுத்து, உள்ளே வெறுமையாக விடுங்கள். சுழி என்பது வெளி. வெளியாக இருந்தால்தான் சுழியாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு இறுக்கமான சுருள் ஒன்றே போதும், அதைவிடப் பொருத்தமான புள்ளியை யாரும் செய்ய முடியாது. ஆனால் அதன் நிறம் சுற்றியுள்ள சுருள்களின் நிறத்தோடு கலந்துவிடாமல் பாருங்கள். கி, கீ வித்தியாசம் மேற்சுழியில் இருக்கிறது. அதைத் தனிப் பட்டையால், ஒரு சுற்றுக் கூடவே வளைத்து வையுங்கள்.

*எல்லா எழுத்திலும் தடக்கினால்:* எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வித்தியாசம் போதாது. கைத்தொலைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். எழுத்து மறைந்தால் நிறம்தான் காரணம். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடலாம், தூரத்தில் நிற்பவருக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். பின்னணிச் சுருளை வெளிர் நிறமாக மாற்றினால் எழுத்து தானாக மேலே வரும்.

*நிறமும் சரி, ஆனாலும் வாசிக்க முடியவில்லை என்றால்:* எழுத்து சிறிது. உள்ளே சுருள் நிரப்பும் எழுத்துக்குக் கோட்டின் தடிப்புக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும். அந்தத் தடிப்பில் ஏ4-இல் இரண்டு, மூன்று எழுத்துக்கு மேல் அடங்காது. நீளமான பெயர் என்றால் முறையைத் திருப்புங்கள்: எழுத்தை வெறுமையாக விட்டு, அதைச் சுற்றியுள்ள இடம் முழுவதையும் சுருளால் நிரப்புங்கள். தமிழுக்கு இதுதான் நல்ல முறை என்பது என் முடிவு. ப, ம, ட உள்ள பெயர்கள் எந்த முறைக்கும் இடம் கொடுக்கும். ண, ணை, ஞ வந்தால் இரண்டாவது முறைக்கே போங்கள்.

*செலவு செய்யும் இடம்:* எழுத்துருவைக் கையால் வரைந்து சரிவரவில்லை என்றால் கம்யூனிகேஷன் கடை ஒன்றில் தடித்த எழுத்துருவில் அச்செடுத்து, பின்பக்கம் பென்சிலால் தேய்த்து போட்டில் படி எடுக்கலாம். அதற்கும் மேல், பெயர்ப்பலகை செய்பவரிடம் மெல்லிய பலகையில் எழுத்தை வெட்டித் தரச் சொல்லி ஒட்டிக்கொள்ளலாம். பெரிய மண்டபத்தில் வைக்கும் கல்யாணப் பலகை என்றால் மட்டும் அந்தச் செலவு பொறுக்கும்.

கோளாறு: எழுத்தின் விளிம்புப் பட்டை நிற்காமல் சாய்கிறது, நெளிகிறது

போட்டோகொப்பித் தாளில் விளிம்பு நிற்காது. விளிம்புக்கு மட்டும் பிறிஸ்டல் போட்டில் (கனத்த தாளட்டை) பட்டை வெட்டுங்கள். அது இல்லையென்றால் சாதாரணப் பட்டை இரண்டை முழு நீளத்துக்கும் ஒட்டி ஒன்றாக்கினாலும் நிற்கும். மூலைகளில் நெளிந்தால், மடிக்கும் இடத்தைக் கட்டரின் முதுகால் ஒரு கீறு கீறிவிட்டு மடியுங்கள். வளைவுகளில் நெளிந்தால், ஒட்டுமுன் பட்டையைப் பேனாவில் சுற்றி இழுத்து வளைவு பழக்குங்கள்.

பிறகும் சாய்ந்தால் ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டின்மேல் போட்டை வைத்து, பட்டையின் இரு பக்கமும் குண்டூசி குத்தி, பசை காயும்வரை விட்டுவிடுங்கள். போட் தடித்ததாக இருந்து ஊசி இறங்காவிட்டால் தீப்பெட்டிகளை இரு பக்கமும் முண்டு கொடுக்கலாம்.

கோளாறு: சுருள்களுக்கு இடையில் வெள்ளை இடைவெளி

வட்டத்தோடு வட்டம் வைத்தால் இடைவெளி வரத்தான் செய்யும். முதலில் பெரியவற்றை வைத்து, பிறகு நடுத்தரம், கடைசியில் 3, 4 மி.மீ. இறுக்கச் சுருள்களை இடுக்கியால் பொத்துங்கள். கண் வடிவமும் துளி வடிவமும் எழுத்தின் மூலைகளுக்குப் பொருந்தும். இன்னும் வெள்ளை தெரிகிறதா? அடுத்த படத்துக்கு, சுருளின் நிறத்துக்குக் கிட்டிய நிறத்தில் அடித்தாள் எடுங்கள், இடைவெளியே தெரியாது.

சுருள் போதாமல் இடைவெளி விட்டவர்களும் உண்டு. 1 சதமமீட்டர் சுருள் என்றால் ஏ4 முழுவதையும் நிரப்ப 600க்கு மேல் வேண்டும். எழுத்து பாதி இடத்தை எடுத்தாலும் 300. எண்ணி வைத்துக்கொண்டு ஒட்டத் தொடங்குங்கள், நடுவில் நிறம் மாறாது.

கோளாறு: பசை பளபளக்கிறது, அழுக்காகத் தெரிகிறது

ஈரமாக இருந்தால், நனைத்துப் பிழிந்த காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் ஒரே திசையில் எடுங்கள், தேய்க்க வேண்டாம். காய்ந்திருந்தால் அந்தச் சுருளை மாற்றுவதே சுத்தம். திரும்பத் திரும்ப வருகிறது என்றால், போட்டில் பசை பூசுவதை நிறுத்துங்கள். பழைய பிளாஸ்டிக் மூடியில் பசையை மெல்லிதாகத் தடவி, சுருளின் அடிப்பாகத்தை அதில் ஒருமுறை தொட்டு எடுத்து வைத்தால் வெளியே பிதுங்காது. விரல் அழுக்குக்கு மருந்து ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருப்பது.

கோளாறு: அடிப்போட் வளைகிறது

என் மச்சாளின் மகளுடைய சாமத்திய வீட்டுக்கு, நடுவில் பெயரும் சுற்றிவரத் தாமரையும் பாடும் மீனும் வைத்து ஒரு படம் செய்தேன். மார்கழி மாதம், வெளியே விடாத மழை. பிறிஸ்டல் போட் ஒன்றின்மேல் நேரடியாக ஒட்டி இரவு மேசையில் விட்டேன். காலையில் போட் தோணிபோல இரு பக்கமும் தூக்கியிருந்தது. பாதிச் சுருள் கழன்று கிடந்தது. அழுகை வந்தது. அன்றைக்குக் கற்றதுதான் கீழே இருப்பது.

*இன்னும் சுருள் வைக்கவில்லை, நிறத்தாள் ஒட்டியதும் வளைந்தது என்றால்:* ஒரு பக்கம் மட்டும் ஈரமாகிக் காய்ந்தால், தாள் சுருங்கி போட்டைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கத்திலும் அதே தாளை, அதே அளவு பசையோடு, நார் ஓட்டம் ஒரே திசையில் இருக்கப் பார்த்து ஒட்டுங்கள். இரண்டு இழுவையும் ஒன்றை ஒன்று சமன் செய்யும். மேலும் கீழும் சுத்தத் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒருநாள் விடுங்கள்.

*சுருள் வைத்த பிறகு வளைந்தால்:* மேலே பாரம் ஏற்ற முடியாது, சுருள் நசிந்துவிடும். படத்தைக் கவிழ்க்கவும் வேண்டாம். 3 மி.மீ. தடித்த சாம்பல் அட்டை ஒன்றில் பைண்டர் கம் பூசி, அதன்மேல் படத்தை வைத்து ஒட்டி, ஓரங்களைத் துணி உலர்த்தும் கிளிப்பால் சுற்றிவரப் பிடித்து விடுங்கள். கிளிப்புக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு இருந்தால் தடம் விழாது. சிறிய வளைவு இதோடு போய்விடும்.

*அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் நடுவில் 1 சதமமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிகிறதா?* வீட்டில் மினைக்கெட வேண்டாம். பிறேம் கடைக்குக் கொண்டுபோய், ஹார்ட்போட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒட்டும்போது மேலே பாரம் வைக்க வேண்டாம், சுருள் நசியும் என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்; தட்டையான படத்துக்குப் பழகிய கை அவர்களுடையது.

அடுத்த தடவைக்கு: பிறிஸ்டல் போட்டை அடித்தளமாக எடுக்காமல், முதலே 2 அல்லது 3 மி.மீ. அட்டையில் தொடங்குங்கள். ஒரே நாளில் முழுவதையும் ஒட்டாமல், ஒரு கைப்பிடி இடம், பிறகு ஒரு மணித்தியாலம் காய விடுங்கள்.

கோளாறு: நிறம் ஊறுகிறது அல்லது மங்குகிறது

ஊறுவதற்கும் மங்குவதற்கும் காரணம் வேறு. பசை பட்ட இடத்தில் நிறம் பரவினால் தாளின் சாயம் தண்ணீரில் கரைகிறது. நனைத்த பஞ்சால் தாளின் மூலையை ஒருமுறை துடையுங்கள், பஞ்சில் நிறம் வந்தால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள். பெல்ட் பேனாவால் பிள்ளைகள் நிறம் தீட்டிய வெள்ளைத் தாளும் இப்படித்தான் ஊறும்.

மாதங்கள் போன பிறகு மங்கினால் வெயில். வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். யன்னலுக்கு நேரே இருக்கும் சுவர் எந்தத் தாள் படத்துக்கும் ஆகாது. பத்திரிகைத் தாளில் செய்த சுருள் வெயில் இல்லாமலும் மஞ்சளிக்கும், அது அந்தத் தாளின் இயல்பு. பழமை தெரிய வேண்டும் என்று விரும்பிச் செய்தால் மட்டும் அதை எடுங்கள். மங்கிய சுருளுக்கு மேலே நிறம் தீட்டப் போகாதீர்கள், ஈரம் பட்டுச் சுருள் இளகும்.

கோளாறு: பிறேம் போட்ட பிறகு உள்ளே ஈரம், பூஞ்சணம், பூச்சி

சாமத்திய வீட்டுப் படத்தைத் திருத்தி எடுத்து, ஒரு கடையில் பிறேம் போட்டோம். கண்ணாடியைச் சுருள்களின்மேல் முட்டவைத்தே இறுக்கித் தந்தார்கள். அடுத்த மாரியில் கண்ணாடி தொட்ட இடமெல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்தன. கண்ணாடியில் படியும் ஈரம் நேரே தாளுக்குள் இறங்கியிருக்கிறது.

ஆகவே முதலில் படத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். சுருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளி இருக்கிறதா? 5 மி.மீ. பட்டைக்கு, போட்டின் மேற்பரப்பிலிருந்து கண்ணாடிவரை 8 முதல் 10 மி.மீ. வேண்டும். இல்லையென்றால் கண்ணாடிக்குக் கீழே நாலு ஓரத்திலும் மெல்லிய மரச்சட்டம் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். புதிதாகப் பிறேம் போடப் போகிறவர்கள், ஆழமான பிறேம் வேண்டும், கண்ணாடி சுருளில் படக்கூடாது என்று முன்பே சொல்லுங்கள். மழை இல்லாத மாதத்தில் போட்டால் இன்னும் நல்லது, ஈரக் காற்றை உள்ளே வைத்து அடைக்க மாட்டீர்கள்.

*வெளி இருந்தும் கண்ணாடியின் உட்புறம் மூடுபனிபோல இருந்தால்:* சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெளிச்சுவர், மழைச் சாரல் அடிக்கும் பக்கம், ஒழுக்கு உள்ள மூலை என்றால் சுவரே ஈரத்தைக் கொடுக்கிறது. உட்சுவருக்கு மாற்றி, பிறேமின் பின்பக்க மூலைகளில் போத்தல் மூடித் துண்டோ ரப்பரோ ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட விடுங்கள். பின்பலகைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை ஒட்டி வைக்கலாம், ஒவ்வொரு மாரிக்கும் முன்பு அதை மாற்ற வேண்டும்.

*புள்ளிகள் விழுந்துவிட்டால்:* காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும்; எங்கள் மாரிக்கு அது பெரிய காரியமில்லை. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, புள்ளி பரவும். வெயில் உள்ள நாளில் பிறேமைக் கழற்றி, படத்தை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒருநாள் உலரவிடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காய வையுங்கள். கறை போகாத சுருள்களை மட்டும் எடுத்து மாற்றலாம். மொசைக்கில் இதுதான் வசதி, முழுப் படத்தையும் எறிய வேண்டியதில்லை. அடிப்போட்டுக்குள்ளேயே கறுப்பு இறங்கியிருந்தால், அல்லது வீட்டில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர் இருந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு படத்தை அகற்றிவிடுங்கள்.

*சுருள்களில் அரித்த தடம், ஓரத்தில் பொடி:* மாப்பசையால் ஒட்டியிருக்கிறீர்களா? கோதுமை மாப் பசை கரப்பானுக்கும் வெள்ளிப் பூச்சிக்கும் சாப்பாடு. செலவு குறைவு என்று பள்ளிக்கூடத்தில் பழகியது அது, சுவரொட்டிக்குச் சரி, வைத்துப் பார்க்கும் படத்துக்கு ஆகாது. பிறேமின் பின்பக்க விளிம்பை ஒட்டுநாடாவால் சுற்றிவர அடைத்தால் பூச்சி நுழையாது. ஆனால் பொடி மண்போல இருந்து, சுவரில் மண் கோடும் தெரிந்தால் அது கரையான்; படத்தை விட்டுவிட்டு முதலில் வீட்டுக்குக் கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

படத்தின் நடுவில் பழைய குடும்பப் புகைப்படம் வைத்திருந்தால் மேலே சொன்ன எதையும் நீங்களே செய்யாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய புகைப்படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், கழற்றுமுன் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் பிரதியைப் புதுப் படத்தில் வைத்து, அசலை உலர்ந்த பேணி ஒன்றில் பத்திரப்படுத்துங்கள்.